வெள்ளத்தாயி பங்குக்கு வந்த பொட்டி

ஒரு ஊர்ல ஒரு வண்டி. ராசா கதை நேத்தே சொல்லியாச்சு, இன்னைக்கு வண்டிக் கதைதான். காலை நீட்டிப் படு. ம் கொட்டணும், இல்லேன்னா பாதியில நிறுத்திப்புடுவேன்.

கொடைக்கானலத் தாண்டி, பூண்டு வெளையுற ஒரு மலை ஊரு. அங்க ஒரு வெள்ளக்காரத் துரை பங்களாவுல ஒரு ஆளு தோட்ட வேலை பாத்தாரு. துரை ஊரவிட்டுப் போறப்போ, இத நீயே வச்சுக்கன்னு ஒரு பழைய குட்டி ட்ராக்டரக் குடுத்துட்டுப் போனாரு. குட்டின்னா நம்ம கட்டில் அளவுதான். டீசல் கிடையாது, புகை கிடையாது, உள்ள பூரா பேட்டரி. ஓடுனா ம்ம்ம்ம்னு ஒரு சத்தம், அவ்வளவுதான். பின்னாடி மாட்ட மண்ணு கிளறுற சக்கரம், வயித்துக்கடியில மாட்ட புல்லு வெட்டுற தட்டு, முன்னாடி மாட்ட ஒரு அகலப் பலகை. துரையோட ஊர்ல வாசல்ல ஐஸு கொட்டிக் கிடக்குமாம், அதத் தள்ளுறதுக்குப் பலகை. இங்க ஐஸுக்கு எங்க போறது? சும்மா சுவத்துல சாஞ்சு கிடந்துச்சு.

அப்புறம், அந்தத் தோட்டக்காரருக்கு மூணு புள்ளைங்க. பெரியவன் பொன்ராசு, சின்னவன் ஒச்சப்பன், கடைசியா வெள்ளத்தாயி. நிலமும் மூணு அடுக்கு, படிக்கட்டு மாதிரி. கீழ் அடுக்குல கல்லு பொறுக்குனது, எரு சுமந்தது, பூண்டு ஊனுனது எல்லாம் வெள்ளத்தாயி. அது அவ கையாலயே ஆன நிலம்.

வண்டிய ஓட்டுறது மட்டும் அண்ணனுங்க. சாயங்காலம் கொட்டாயில கொண்டாந்து விட்டுட்டு, கை கால் கழுவி, சோத்துக்கு உக்காந்துருவானுங்க. அப்போ வெள்ளத்தாயி என்ன செய்வா? கொட்டாய் மூலையில ஒரு இரும்புப் பொட்டி, அதுல ஒரு வயரு. அத வண்டியில சொருகுவா. பொட்டி கொர்ர்ர்னு உறுமும். விடியறதுக்குள்ள வண்டிக்கு வயிறு நெறைஞ்சிரும். வயர உருவி, பேட்டரிக்குத் தண்ணி ஊத்தி, தொடச்சு வைப்பா. அப்புறம் அண்ணனுங்க வந்து ஏறுவானுங்க, ம்ம்ம்ம்னு கிளம்புவானுங்க. எப்படிக் கிளம்புதுன்னு ஒரு நாளு கேட்டிருப்பானுங்களா? மாடு ராத்திரி படுத்தா காலையில தெம்பா எந்திரிக்குதுல்ல, வண்டியும் அப்படித்தான்னு நெனச்சுக்கிட்டானுங்க. சொல்லுறப்பவே எனக்குப் பத்திக்கிட்டு வருது. எங்க, ம் சொல்லு.

அப்புறம் அப்பா செத்துப் போனாரு. பதினாறு முடிஞ்சதும் பங்கு பிரிக்க ஊரு கூடுச்சு. நடுவுல உக்காந்தது ஊர்ப்பெரியவரு சங்கிலி. மேல் அடுக்கு பெரியவனுக்கு, நடு அடுக்கு சின்னவனுக்கு. கீழ் அடுக்கு? அதையும் ரெண்டா வெட்டி ஆளுக்குப் பாதின்னுட்டாரு. வண்டி பெரியவனுக்கு, அதுல மாட்டுற சாமானெல்லாம் சின்னவனுக்கு.

அப்போ வெள்ளத்தாயி கேட்டா, "எனக்கு?"

"பொட்டப்புள்ளைக்கு என்ன தாயி பங்கு? கட்டிக்குடுத்தா போற எடத்துல இருக்கும்" அப்படின்னாரு சங்கிலி.

"கீழ் அடுக்கு நான் திருத்துனது."

"கொட்டாயில மிச்சம் கிடக்குறத எடுத்துக்க" அப்படின்னான் பொன்ராசு. ஊரே சிரிச்சுச்சு. மிச்சம் என்ன இருக்கு? அந்தப் பொட்டிதான்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. பொட்டி எனக்கா?"

"உனக்குத்தான். ராத்திரி உறுமி உறுமி உசுர வாங்குது. கொண்டுபோ."

அழுதான்னு நெனைக்கிறியா? அழல. உச்சி முதல் உள்ளங்கால் வரைக்கும் கோவம். பொட்டியத் தூக்கித் தலையில வச்சா, விறுவிறுன்னு நடந்தா. ஊர்க் கோடியில ஒரு தகரக் கொட்டாயில குடியேறி, அடுத்தவங்க காட்டுல கூலிக்குப் பூண்டு ஊனுனா. தன் காடு கண்ணு முன்னாடி கிடக்க, அடுத்தவன் காட்டுல குனியறது எப்படி எரியும் தெரியுமா? உனக்குத் தெரியவே வேணாம்.

அப்புறம் வண்டி ரெண்டு நாள் ஓடுச்சு. மூணாம் நாள் ம்ம்ம்... ம்ம்... ம்... நின்னுபோச்சு. பொன்ராசு அதுக்குக் கம்பளியப் போத்தித் தூங்க விட்டான். சிரிக்காத, நெசமாத்தான். காலையில தட்டி எழுப்புறான், அது அசையவே இல்ல. அப்பத்தான் பொட்டி ஞாபகம் வந்துச்சு. பணியாரத்தக் குடுத்துப் பொண்டாட்டிய அனுப்புனான்.

"தாயி, அந்தப் பொட்டிய ரெண்டு நாள் குடேன்" அப்படின்னா மதினி.

வெள்ளத்தாயி கேட்டா, "வண்டி யாருது?"

"உங்கண்ணனுது."

"மாட்டுற சாமான் யாருது?"

"சின்னவருது."

"பொட்டி?"

"உன்னுது."

"அப்பப் போங்க மதினி." பணியாரத்தத் தொடக்கூட இல்ல.

அப்புறம் சின்னவன் கிளம்புனான். வண்டி எதுக்கு, என் சாமான் இருக்குன்னு மண்ணு கிளறுற சக்கரத்த ஒரு கோவேறு கழுதையில கட்டுனான். கழுதை திரும்பிப் பாத்துச்சு. விட்டுச்சு ஒரு உதை, டமார்! சக்கரம் ஒரு பக்கம், ஒச்சப்பன் ஒரு பக்கம். பெரியவன் லாரிக்குப் போடுற சார்ஜர் ஒண்ண இரவல் வாங்கியாந்து சொருகுனான். டப்! தெருவே இருட்டாப் போச்சு. ஊரு திட்டுன திட்டுல ரெண்டு பேரும் அவ வாசல்ல வந்து நின்னானுங்க. இந்தத் தடவை பணியாரம் இல்ல, மெரட்டல்.

"மரியாதையாக் குடுத்துரு. கூடப்பொறந்தவன்னும் பாக்க மாட்டேன்."

"அன்னைக்கும் பாக்கலயேண்ணே. வண்டி யாருது?"

"என்னுது."

"சாமான் யாருது?"

"என்னுது" அப்படின்னான் சின்னவன்.

"பொட்டி?"

கேட்ட கையோட படார்னு கதவச் சாத்திட்டா.

தூங்கிட்டியா? இல்லையா, சரி. அப்புறம் மழை வந்துச்சு. சும்மா மழை இல்ல, சோன்னு விடாம ஊத்துது. மேட்டுலேருந்து மண்ணு சரிஞ்சு பொத்துப் பொத்துன்னு விழுந்து, காட்டுத் தண்ணி வெளிய போற வாய்க்கால அடைச்சிருச்சு. மூணு அடுக்குலயும் தண்ணி கட்டி நிக்குது. இன்னும் ரெண்டு நாள் நின்னா பூண்டு பூரா அழுகிரும். வாய்க்காலுக்குப் போற ஒத்தையடித் தடத்துல ஜீப்பு போகாது, பெரிய ட்ராக்டரு போகாது. குட்டி வண்டியும் ஐஸு தள்ளுற பலகையும்தான் போகும். அப்போ அண்ணனுங்களும் சங்கிலிப் பெரியவரும் கோணிய மடிச்சுத் தலையில போட்டுக்கிட்டு வந்தாங்க.

"தாயி, நீ ஊனுன பூண்டும்தானே அழுகுது" அப்படின்னாரு பெரியவரு.

"என் பூண்டுன்னு இன்னைக்குத்தான் தெரியுதா? அழுகட்டும்." சொல்லிட்டா. எடத்தவிட்டு அசையல.

அப்போ பெரியவரு தலையக் குனிஞ்சாரு. "அன்னைக்கு நான் பிரிச்சது தப்பு. கீழ் அடுக்கு உன்னுது."

"சொன்னா ஆச்சா? எல்லைக்கல்லு நட்டுக் குடுங்க. அவங்க ரெண்டு பேரும் நடட்டும்."

கொட்டுற மழையில, முழங்கால் சேத்துல நின்னு, ஊரு பாக்க ரெண்டு அண்ணனுங்களும் எல்லைக்கல்லு நட்டானுங்க. ஒவ்வொரு கல்லையும் வெள்ளத்தாயி கால வச்சு ஆட்டிப் பாத்தா. ஒண்ணு ஆடுச்சு, பிடுங்கித் திரும்ப நடச் சொன்னா.

அப்புறந்தான் பொட்டி வண்டிக் கொட்டாய்க்குத் திரும்பி வந்துச்சு. வயர எடுத்துப் பெரியண்ணன் கையில குடுத்தா. "சொருகு."

எங்க சொருகணும்னு அவனுக்குத் தெரியல. வண்டியச் சுத்திச் சுத்தி வந்தான். அவ எடத்தக் காட்டல, கையக் கட்டி நின்னா. கடைசியாக் கண்டுபிடிச்சுச் சொருகுனான். கொர்ர்ர்.

விடிஞ்சதும் சின்னவன் முன்னாடி பலகைய மாட்டுனான். ஏறுனது வெள்ளத்தாயி. ம்ம்ம்ம்... மண்ணத் தள்ளுறா, பின்னாடி வர்றா, திரும்பத் தள்ளுறா. மத்தியானத்துக்குள்ள வாய்க்கா தொறந்து தண்ணி சலசலன்னு எறங்கிப் போச்சு. மூணு அடுக்கும் பொழச்சுது.

அன்னையிலேருந்து யாரு ஓட்டுனாலும் சாயங்காலம் சொருகுறது பெரியவன், விடியக்காலம் தண்ணி ஊத்துறது சின்னவன். பொட்டி அவளோடது, சட்டமும் அவளோடது.

ஒரு நாள் பொன்ராசு வயரக் கையில வச்சுக்கிட்டு மெல்லக் கேட்டான். "எல்லாந்தான் குடுத்தாச்சே தாயி. இன்னுமா கோவம்?"

"நிலம் நீங்க குடுத்தது இல்லண்ணே, என்னுது. கோவமும் என்னுதுதான். அத நான் பிரிச்சுத் தர மாட்டேன். சொருகு, பொழுது போகுது."

அவன் சொருகுனான்.

கொர்ர்ர்... கேக்குதா? வண்டிக்குச் சார்ஜு ஏறுது, உனக்குத் தூக்கம் ஏறட்டும். கதைய இதோட உருவியாச்சு, கண்ண மூடு.