இரண்டு ஜோடிப் பெட்டிகள்

தணிகாசலம் வீட்டுக்குக் குரு வந்தபோது, கூடத்தில் இரண்டு ஜோடி ஸ்பீக்கர் பெட்டிகள் நின்றிருந்தன. சீடரான தணிகாசலத்துக்கு அறுபத்திரண்டு வயது. குருவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை.

"என்ன ஐயா, கண்ணெல்லாம் சிவந்து கிடக்கு?"

"தூக்கம் இல்ல சாமி. ரெண்டும் ஒரே விலை. கேட்டுப் பார்த்து எடுத்துக்கச் சொல்லிக் கடைக்காரர் குடுத்துட்டுப் போனார். சாயங்காலம் ஒரு ஜோடியைத் திருப்பி எடுத்துட்டுப் போக வர்றார்."

"எடுத்துட்டுப் போகட்டுமே."

"எதைன்னுதான் தெரியல."

தணிகாசலத்தின் மனைவி குமுதவல்லி போன வருஷம் இறந்துபோனாள். தன் தங்கை கல்யாணத்தில் அவள் பாடிய ஊஞ்சல் பாட்டு ஒரு பழைய கேசட்டில் இருந்தது. அவள் குரலில் மிஞ்சியது அது ஒன்றுதான். அதைக் கேட்கத்தான் இத்தனையும்.

முதல் ஜோடியில் பாட்டை வைத்தார். அந்தப் பெட்டிகளில் மேலே மெல்லிய சத்தத்துக்குப் பட்டுத்துணியில் சின்னக் குமிழ், கீழே கனத்த சத்தத்துக்குக் காகிதக் கூம்பு. பாட்டு இதமாக வந்தது. பிறகு ஒயரை மாற்றினார். அடுத்ததில் எல்லாம் அலுமினியம். கூம்பின் நடுவிலேயே குமிழும் இருந்தது. அதே பாட்டு பளிச்சென்று வந்தது.

"இதுல அவ வளையல் சத்தம்கூடக் கேக்குது சாமி. அதுல கேக்கல. ஆனா அதுல குரல்ல ஒரு ஈரம் இருக்கு. ரெண்டுல எது அவ குரல்?"

"நான் அவங்களைப் பார்த்ததே இல்லையே."

"அதனாலதான் கேக்கறேன். உங்களுக்குப் பழைய நினைப்பு குறுக்க வராது."

குரு சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். வெயிலில் நடந்து வந்த களைப்பு. தணிகாசலம் மறுபடி ஒயரை மாற்றினார். மறுபடி மாற்றினார். பிறகு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"உண்மையைச் சொல்லிடறேன் சாமி. மாத்தி மாத்திக் கேட்டதுல, அவ நிஜமா எப்படிப் பேசுவாங்கிறதே மறந்துபோச்சு. பயமா இருக்கு."

குரு எழுந்து போய்ச் சுவிட்சை அணைத்தார்.

"சாப்பிட அவங்க உங்களை எப்படிக் கூப்பிடுவாங்க?"

"அது எதுக்கு இப்போ?"

"எனக்குப் பசிக்குது."

தணிகாசலத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கழுத்தை ஒரு பக்கம் சாய்த்தார். இடுப்பில் கை வைத்தார். உள்ளே அடுப்படியிலிருந்து வருவதுபோல் குரல் எழுந்தது. கடைசியில் கொஞ்சம் இழுத்தது.

"இன்னும் எவ்வளவு நேரம் அந்தப் பேப்பரையே கட்டிக்கிட்டு அழுவீங்க? சாதம் ஆறிப்போச்சுங்க..."

சொல்லி முடித்ததும் அவர் முகம் மாறியது. இடுப்பில் வைத்த கை அப்படியே இருந்தது.

குரு நான்கு பெட்டிகளையும் ஒருமுறை பார்த்தார்.

"இது எதுல வந்தது ஐயா?"