பத்து லட்சத்து மூன்று

"என் எண்ணை மாத்திக் குடுங்க சாமி. இது அசைஞ்சு குடுக்க மாட்டேங்குது" என்றாள் மருதாயி.

அவளுக்கு ஐம்பது வயது. ஆசான் ஆரூரர் அவளைவிடப் பத்து வயது இளையவர். அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

அந்தக் கணக்கு மடத்தில் சேருகிறவர்களுக்கு முதல் நாளே ஆளுக்கோர் எண்ணைக் கொடுத்துவிடுவார்கள். மீதியில்லாமல் அதை வகுக்கும் எண்கள் எவையெவை என்று கண்டு சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகலாம். அதுவரை யாரும் வாசலைத் தாண்டுவதில்லை.

கூடச் சேர்ந்தவர்களின் எண்களெல்லாம் ஏழிலும் பதின்மூன்றிலும் பொலபொலவென்று உதிர்ந்தன. அவர்கள் எப்போதோ மூட்டை கட்டிவிட்டார்கள். மருதாயிக்கு வாய்த்தது பத்து லட்சத்து மூன்று. அது கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது.

இரண்டு வருஷம் ஆயிற்று. தரையில் மணலைப் பரப்பி, விரலால் எழுதி வகுப்பாள். மீதியைப் பார்த்துப் பெருமூச்சு விடுவாள். அழித்துவிட்டு அடுத்த எண்ணுக்குப் போவாள்.

உட்காருமுன் தினமும் வெளிக்கதவைச் சாத்தியாக வேண்டும். யாரோ ஒரு புண்ணியவான் காலையில் அதை விரியத் திறந்து வைத்துவிடுகிறான். காற்று புகுந்து எழுதியதையெல்லாம் கலைத்துவிடுகிறது. ஆடி மாதத்திலிருந்து இதே ரோதனை. இப்போது தை பிறந்துவிட்டது.

கணவன் செங்கோடனின் நினைப்பு அவளை அரித்தது. உப்பு வியாபாரியிடம் அவன் சேதி சொல்லி அனுப்புவான். முதலில், எப்போது வருகிறாய் என்று கேட்டான். பிறகு, முருங்கை காய்த்துத் தொங்குகிறது, ஒற்றை ஆளுக்கு எதற்குச் சமைக்க என்றான். நேற்று வியாபாரி வந்தபோது சேதியே இல்லை. செங்கோடன் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார், ஒன்றும் சொல்லவில்லை என்றார் வியாபாரி. அதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

எண்ணை மாற்றும் வழக்கமில்லை என்றார் ஆசான். எதுவரை வகுத்திருக்கிறாள் என்று கேட்டார்.

"ரெண்டாயிரத்து மூணு வரைக்கும். ஈவு நானூத்தித் தொண்ணூத்தொம்பது. மீதி ஐநூத்தி ஆறு."

"மீதி விழாம இருந்திருந்தா?"

"ஈவும் என் எண்ணை வகுத்திருக்கும்."

"ஆயிரத்துக்குக் கீழே இருக்கிறதையெல்லாம் எப்ப வகுத்து முடிச்சீங்க அக்கா?"

"ஆடியிலே."

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. ஆயிரத்துக்கு மேலே எந்த எண் இதை வகுத்தாலும், அதன் ஈவு ஆயிரத்துக்குக் கீழேதான் இருக்கும். கீழே இருப்பவர்களை ஒருவர் விடாமல் கேட்டு, இல்லை இல்லை என்று பதிலும் வாங்கியாயிற்று. அதற்குப் பிறகு அதே வீடுகளின் புழக்கடைக் கதவைத்தான் இத்தனை நாளும் தட்டிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"அப்போ ஒண்ணும் தானும் தவிர இதுக்கு யாருமே இல்லையா சாமி?"

"இல்லை. அதுதான் விடை."

அவள் மணலில் எழுதியிருந்ததைக் கையால் அழித்தாள். அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

"ஆடியிலேயே நான் போயிருக்கலாம். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீங்க ஆயிரத்தைத் தாண்டின மறுநாள்லேருந்து தினமும் நான்தான் கதவைத் திறந்து வச்சேன்" என்றார் ஆசான். "காத்து வருதுன்னு நீங்க சாத்திட்டீங்க."