ராஜா வீட்டுப் பனைக்குப் பன்னீர் அபிஷேகம்

ரொம்பக் காலத்துக்கு முன்னால மேகமேடுங்கிற மலைநாட்டை கனகவர்மன்னு ஒரு ராஜா ஆண்டுக்கிட்டிருந்தாரு. நல்ல ராஜாதான். காலையில சொன்னது சாயங்காலம் அவருக்கே ஞாபகம் இருக்காது. கோபத்துல சொன்னது மட்டும் மறக்கவே மாட்டாரு.

அந்த ஊர்ல மார்கழி வந்தா விடியக்காலையில புல்லு மேல உப்பு கொட்டின மாதிரி பனி உறைஞ்சு கிடக்கும். ராஜா கட்டிக்கிட்டு வந்ததோ கடற்கரைப் பொண்ணு, ராணி முத்தழகி. ஒருநாள் ராணி, "இங்க எல்லாம் இருக்கு. காத்துல ஓலை சலசலக்கிற சத்தம்தான் இல்ல"ன்னாங்க.

ராஜா குதிச்சு எந்திரிச்சாரு. "கொண்டா தென்னையை! கொண்டா பனையை! கொண்டா கமுகை!"

எல்லாம் வந்துச்சு. எல்லாம் ஒரே குளிர்ல கருகிப்போச்சு.

"மந்திரி! அடுத்த மரம் உம்ம பொறுப்பு. அதுவும் செத்துச்சுன்னா உமக்குப் பதவி கிடையாது. மலை மேல போய் ஆடு மேய்க்கணும்!"

மந்திரி உடையப்பனுக்கு ஆடுன்னா பயம். சின்ன வயசுல ஒரு கிடா முட்டின இடம் இன்னும் குளிர்ல வலிக்கும். அதனால மனுஷன் மும்முரமா இறங்கிட்டாரு. வடக்கே பனிமலைப் பக்கமிருந்து வர்ற கம்பளி வியாபாரிகளைப் பிடிச்சு, அந்த ஊர்ப் பனங்கன்னு ஒண்ணு வாங்கினாரு. விசிறி மாதிரி ஓலை. தண்டு பூரா நாரு, கம்பளி சுத்தின மாதிரி.

அரண்மனையோட தெக்குச் சுவரு பகலெல்லாம் வெயில் குடிச்சு சாயங்காலமும் கதகதன்னு இருக்கும். அதை ஒட்டி மண்ணை மேடாக்கி, தண்ணி நிக்காம இருக்க மணலும் சரளைக்கல்லும் கலந்து, கன்னை நட்டு, அடியில வைக்கோல் பரப்பினாரு. பனி விழுந்துச்சு. கன்னு அசையல!

இதைப் பார்த்து ஒருத்தருக்கு வயிறு எரிஞ்சுது. தாண்டவராயன், சடங்கு அதிகாரி. மந்திரி பதவியைத் தன் மச்சானுக்கு வாங்கித் தரணும்னு அவருக்கு ரொம்ப நாள் ஆசை. ராஜா யானை வாங்கினா யானைக்கு அபிஷேகம், பல்லக்கு வாங்கினா பல்லக்குக்கு அபிஷேகம்னு நடத்துற ஆளு. பல்லக்கு ஊறி உடைஞ்சு ராஜா கீழ விழுந்தப்பகூட அவரு நிறுத்தல.

"மகாராஜா! ராஜமரத்துக்கு மரியாதை வேண்டாமா? தினம் சாயங்காலம் மேளதாளத்தோட குருத்துல பன்னீர் அபிஷேகம் பண்ணணும். முதல் குடம் உங்க கையால!"

ராஜாவுக்கு ஒரே குஷி. "அடிடா மேளத்தை!"

மறுநாள் காலையில உடையப்பன் போய்ப் பார்த்தா, குருத்துக்குள்ள நின்ன பன்னீர் கண்ணாடி மாதிரி உறைஞ்சிருக்கு. நாலஞ்சு நாள்ல குருத்தோட நுனி பழுத்துப்போச்சு. மெதுவா இழுத்துப் பார்த்தாரு. இன்னும் பிடிப்பு இருக்கு. குருத்து கையோட வந்துட்டா மரமும் போச்சு, பதவியும் போச்சு, கிடா காத்துக்கிட்டிருக்கும்.

நீங்க ஊத்துற பன்னீர்தான் காரணம்னு ராஜாகிட்ட சொல்லலாம்னா, முன்ன ஒருத்தன் ராஜாவோட கைராசியைப் பத்தி ஒரு வார்த்தை பேசிட்டு இன்னும் கல்லு உடைச்சுக்கிட்டிருக்கான்.

அன்னைக்குச் சபையில உடையப்பன் எந்திரிச்சாரு. "மகாராஜா, ஒரு குறை. மரத்துக்கு மரியாதை நடக்குது. அந்த மரியாதையைக் கண்டுபிடிச்ச தாண்டவராயருக்கு ஒண்ணுமே நடக்கலையே! அவருக்கும் அதே அபிஷேகம், அதே இடத்துல நடக்கட்டுமே?"

"பலே! இன்னைக்கே!"ன்னு ராஜா தொடையைத் தட்டினாரு.

தாண்டவராயருக்கு நெஞ்சு ஒரு சாண் உப்பிடுச்சு. சாயங்காலம் பட்டு கட்டிக்கிட்டு, மரத்துக்குப் பக்கத்துல மணையில உக்காந்தாரு. மேளம் முழங்குச்சு. முதல் குடம் ராஜா ஊத்தினாரு.

"ஆ! மந்திரியாரே, கொஞ்சம் வெந்நீர் கலக்கக்கூடாதா?"

"மரத்துக்குக் கலந்தோமா?"

"இ... இல்ல."

"உமக்கு மட்டும் மரியாதை குறையலாமா? ஊத்துங்கப்பா!"

ரெண்டாவது குடம். மூணாவது குடம். தாடை தாளம் போட ஆரம்பிச்சுது. மேளக்காரரே அதைக் கேட்டு வேகத்தைக் கூட்டினாரு. தாண்டவராயர் எந்திரிக்கப் பார்த்தாரு. உடையப்பன் விடல.

"உக்காரும்! மரம் என்ன, குளிச்சதும் உள்ள ஓடிப்போயா கணப்புல குளிர் காயுது? விடியிற வரைக்கும் இங்கதானே நிக்குது?"

"மகாராஜா!"ன்னு அலறினாரு தாண்டவராயர். "தலையில தண்ணியை ஊத்திப் பனியில விட்டா எந்த உசுருதான் பொழைக்கும்?"

மேளம் நின்னுபோச்சு. ராஜா தாண்டவராயரைப் பார்த்தாரு. மரத்தைப் பார்த்தாரு. தன் கையில இருந்த குடத்தைப் பார்த்தாரு. உடையப்பன் ஆகாசத்தைப் பார்த்துக்கிட்டு நின்னாரு.

"அடப்பாவிகளா! மரத்தை நான்தான் கொன்னுக்கிட்டிருந்தேனா? ஓய் மந்திரி, இதை ஏன்யா நேரா சொல்லல?"

"நான் சொன்னா தலை போகும் மகாராஜா. அவர் சொன்னா சளி பிடிக்கிறதோட போச்சு."

ராஜா சிரிச்ச சிரிப்புல சுவத்துல இருந்த புறாவெல்லாம் பறந்துச்சு. தன் கழுத்து முத்துமாலையைக் கழட்டி உடையப்பனுக்குப் போட்டாரு. துவட்டிக்கத் தாண்டவராயர் கொண்டாந்திருந்த கம்பளியைப் பிடுங்கினாரு. குருத்துல நின்ன தண்ணியைத் துணியால ஒத்தி எடுத்து, ஓலையெல்லாம் சேர்த்துக் கட்டி, கம்பளியைத் தன் கையாலயே மரத்துக்குச் சுத்திவிட்டாரு.

"தாண்டவராயரே! இனிமே சாயங்காலம் மரத்துக்குக் கம்பளி சுத்துறதும், காலையில அவுக்கிறதும் உம்ம வேலை. பனிக்காலம் முடிஞ்சாலும் காவல் நீர்தான்!"

மாசி முடிஞ்சு வெயில் ஏறுச்சு. ஒருநாள் காலையில பார்த்தா, பழுத்த நுனியைத் தள்ளிக்கிட்டுப் பச்சைப் பசேல்னு புதுக்குருத்து! உடையப்பன் அரண்மனை முழுக்க ஓடி எல்லாரையும் கூப்பிட்டாரு. மந்திரி ஓடி யாரும் அதுவரைக்கும் பார்த்ததில்ல.

குருத்து விசிறியா விரிஞ்சப்புறம், ஒரு சாயங்காலம் மலைக்காத்து வீசுச்சு. மரத்தடியில தாண்டவராயர் காவலுக்கு உக்காந்திருந்தாரு. ஓலை சலசலன்னு பேசுச்சு. ராணி கண்ணை மூடிக் கேட்டாங்க. ராஜாவுக்கு இருப்புக் கொள்ளல.

"என்ன முத்தழகி, உங்க ஊர்ச் சத்தம்தானே?"

"அதேதான். ஆனா எங்க ஊர் மரத்தடியில நடுநடுவுல தும்மல் சத்தம் வராது."