மதகை விட்டு எழுந்த ஆமை

ஓர் ஏரியின் மதகுப் பலகையில் ஓட்டை விழுந்திருந்தது. சடைச்சி என்ற ஆமை அந்த ஓட்டைக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருந்தாள். ஒருநாள் இரண்டுநாள் அல்ல, ஏழு வருஷம்! அவள் எழுந்தால் தண்ணீர் போய்விடும். தண்ணீர் போனால், அவளைச் சுற்றி விளையாடும் அயிரைக் குஞ்சுகளும் போய்விடும்.

ஒருநாள் தவளை துள்ளிக்கொண்டு வந்தது.

"அக்கா! மீன்வள ஆராய்ச்சிக்கும் நீர்நிலைப் பாதுகாப்புக்கும் இந்த வருஷத்து விருது உங்களுக்குத்தான்! விருதுக்குழுத் தலைவர் கூழைக்கடா கையால தர்றாரு!"

"அவரு மீனைத் தின்னுறவராச்சே!"

"மீனை அவரு மாதிரி உள்ளே விட்டு ஆராய்ஞ்சவங்க வேற யாரு? மேடைக்கு வாங்க!"

"நான் எழுந்தா தண்ணி போயிடும், தம்பி."

"அஞ்சே நிமிஷம்!"

சடைச்சிக்கு ஆசை வந்துவிட்டது. ஏழு வருஷத்தில் 'சாப்பிட்டியா' என்றுகூட யாரும் கேட்டதில்லை, பாவம். ஓட்டையில் கொஞ்சம் பாசியை அடைத்துவிட்டுக் கிளம்பினாள்.

ஏரி நடுவில் இருந்த பாறைதான் மேடை. கொக்கு வரவேற்றது. நாரை வாழ்த்த வந்து, தன் தாத்தாவின் பெருமையில் ஆரம்பித்தது. பேசியவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு தாமரை இலையைப் பொன்னாடையாகப் போர்த்தினார்கள். பதினைந்தாவது இலையில் சடைச்சிக்குக் கண்ணே தெரியவில்லை.

"முதுகு காயுதே!" என்றது முன்வரிசைக் கெண்டை.

"தம்பி, தண்ணி இறங்குது!" என்று பதறினாள் சடைச்சி.

"அதை ஏற்புரையில சொல்லுங்க அக்கா. ஏற்புரை கடைசியிலதான்!"

அப்போது எங்கிருந்தோ அயிரைக் குஞ்சுகளின் மெல்லிய குரல்கள் கேட்டன. "பெரியம்மா! மூச்சு முட்டுது!"

சடைச்சி இலைகளை உதறினாள். பாறையிலிருந்து உருண்டாள். சேற்றில் ஓடினாள். ஆமை ஓடியதை அந்த ஏரி அன்றுதான் பார்த்தது! ஓட்டையை அடைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். குஞ்சுகளில் பாதிதான் இருந்தன. மீதி எங்கே என்று கேட்டபோது கூழைக்கடா வாயைத் திறக்கவே இல்லை.

மறுநாள் விருதுக்குழு கூடியது. ஏற்புரை ஆற்றாமல் ஓடியது சபை நாகரிகம் அல்ல என்று சடைச்சியின் விருதைப் பிடுங்கியது. ஆபத்து நேரத்தில் மீன்களைப் பத்திரமான இடத்துக்கு மாற்றியதற்காக அதைக் கூழைக்கடாவுக்கே கொடுத்தது!

மழை வந்து ஏரி நிறைந்தது. அடுத்த வருஷம் தவளை மறுபடி வந்தது.

"அக்கா, இந்தத் தடவை உங்களுக்கேதான்! மேடைக்கு வாங்க!"

"மேடை வேண்டாம். நான் போய் நாலு வாய் சாப்பிட்டு வர்ற வரைக்கும் நீ இங்க முதுகைக் கொடு. அது போதும்!"

தவளை ஓட்டையைப் பார்த்தது. உடனே அதற்கு அவசர வேலை வந்துவிட்டது.

அதுவரை பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த அயிரைகள் கூட்டமாக வந்தன. போன வருஷத்துக் குஞ்சுகள்தான், இப்போது வளர்ந்திருந்தன. ஒன்றோடொன்று நெருக்கியடித்து ஓட்டையில் நின்றுகொண்டன.

"நீங்க போய் ஆற அமரச் சாப்பிட்டு வாங்க, பெரியம்மா!"

நல்ல வேலை செய்பவரை மேடைக்கு இழுத்துப் பொன்னாடை போர்த்துவதைவிட, அவர் சுமையில் கொஞ்சத்தைத் தாங்கிக்கொள்வதே உண்மையான பாராட்டு.