ஆதிரை, வயது பதினொன்று

பானு மேடத்துக்கு வாய்ப்பேச்சு கம்மி. ஏதாவது கேட்டால் எழுந்து போய் ஒன்றைச் செய்வார். அதிலிருந்து நாமாகப் புரிந்துகொள்ள வேண்டியதுதான். அவர் நடத்தும் கம்ப்யூட்டர் சென்டரில் ஆறு வருஷம் ரிசப்ஷனில் உட்கார்ந்தவள் நான். பல நாள் எரிச்சலாக வரும். ஆனால் அவரிடம் புரோகிராமிங் படித்துவிட்டுப் போன ஒருத்தர்கூடத் திரும்பி வந்து "மறந்துடுச்சு மேடம்" என்று நின்றதில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

நடேசன் சார் அப்படிப் படித்தவர். அவருக்கு நாற்பத்தெட்டு வயசு, மேடத்துக்கு முப்பத்து மூன்று. டைல்ஸ் கம்பெனியில் மேனேஜராக இருந்தவர். ஒரே மகள் காய்ச்சலில் போன பிறகு அந்த வேலைக்குப் போகப் பிடிக்காமல், இங்கே வந்து காலேஜ் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்து பைத்தான் படித்தார். அடுத்த வருஷமே, புதிதாக வருகிறவர்களுக்குப் பாடம் நடத்தும் வேலையை மேடம் அவரிடம் கொடுத்துவிட்டார். பிள்ளைகளுக்கு அவர் என்றால் உயிர்.

பங்குனி மாதம் ஒரு நாள் எனக்கு ஒரு போன் வந்தது. பேசியவர் ஸ்கூல் வேன் டிரைவர்.

"ஏம்மா, உங்ககிட்ட படிச்ச தம்பிதான் எங்க வேனுக்குப் பிள்ளைங்க லிஸ்ட் செஞ்சு கொடுத்தாப்ல. அதுல முதல்ல ஒரு பொண்ணு பேரு வருது. யாரும்மா அது?"

"என்ன பேருண்ணே?"

"ஆதிரை. வயசு பதினொண்ணு. தினமும் முதல் ஸ்டாப்புல நின்னு ஹார்ன் அடிக்கிறேன், யாரும் வர்றதில்ல. ஸ்கூல்ல கேட்டா அப்படி ஒரு பொண்ணே இல்லங்கிறாங்க."

"தெரியாம வந்திருக்கும். அழிச்சுடச் சொல்லுங்க."

"அழிச்சாச்சும்மா. லிஸ்ட்டே வரமாட்டேன்னுடுச்சு. திரும்பப் போட்ட பிறகுதான் வந்துச்சு." டிரைவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இப்பல்லாம் அந்த ஸ்டாப்புல கதவைத் திறந்து ஒரு நிமிஷம் நின்னுட்டுத்தான் கிளம்புறேன். எதுக்கு வம்பு?"

ஆதிரை யார் என்று எனக்குத் தெரியும். நடேசன் சாரின் மகள். போய் மூன்று வருஷம் ஆகிறது. போகும்போது பதினொரு வயசு. புரோகிராமில் பேர்களை வரிசையாக அடுக்கும் பட்டியல் பாடத்தை நடத்தும்போது சார் உதாரணத்துக்கு அந்தப் பேரைத்தான் போடுவார். "எல்லாரும் சத்தமா படிங்க" என்பார். இருபது பேர் ஒரே குரலில் "ஆதிரை, வயது பதினொன்று" என்று படிப்பது ரிசப்ஷன் வரைக்கும் கேட்கும். பாவம், மகள் பேரைக் காதால் கேட்க ஆசைப்படுகிறார் என்று நானும் விட்டுவிட்டேன். பிள்ளைகள் அதை அப்படியே எடுத்துக்கொண்டு ஊருக்குள் போவார்கள் என்று யார் கண்டது?

இதை நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. அடுத்த வாரம் நடேசன் சாரே மேடத்தின் அறைக்கு வந்து நின்றார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"மேடம், ஒண்ணு கேக்கணும்."

மேடம் எதிர் நாற்காலியைக் காட்டினார். சார் உட்காரவில்லை.

"நம்மகிட்ட படிச்ச ஸ்டெல்லா, அவ வேலை பார்க்கிற ஆஸ்பத்திரிக்கு டோக்கன் கூப்பிடற புரோகிராம் எழுதிக் கொடுத்திருக்கா. என் பாடத்துல இருந்த பேரு அதுலயும் போயிடுச்சு. காலையில எட்டு மணிக்கு மிஷினைப் போட்டதும் முதல்ல ஆதிரையைத்தான் கூப்பிடுது."

"சரி."

"பிரஷர் மாத்திரை வாங்கப் போன எடத்துல லோகா அதைக் கேட்டுட்டா."

லோகநாயகி அவர் மனைவி. நாங்கள் லோகா அக்கா என்போம்.

"மூணு வருஷமா அவ ஒழுங்காத் தலை வாரினதில்ல மேடம். இப்ப விடியக் காலமே குளிச்சு, பூ வெச்சு, ஏழரைக்கெல்லாம் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிடுறா. சிரிக்கிறா. நேத்து எனக்குத் தோசை ஊத்திப் போட்டு, இன்னொண்ணு வெச்சுக்கங்கன்னு சொன்னா." சார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அது என் பாடத்துல இருந்து போன பேருன்னு அவளுக்குத் தெரியாது. சொல்ல எனக்கு வாய் வரல. பேரை எடுக்கச் சொல்லவா, விட்டுடவா? நீங்க சொல்றபடி செய்யறேன்."

என்னைக் கேட்டிருந்தால் விட்டுடுங்க சார் என்றிருப்பேன். ஒரு தாய் சிரிக்கிறாள் என்றால் யாருக்கு மனசு வரும்?

"நாளைக்கு ஏழே முக்காலுக்கு ஆஸ்பத்திரி வாசல்ல நில்லுங்க சார்," என்றார் மேடம். என் பக்கம் திரும்பி, "நீயும் வா."

மறுநாள் சுள்ளென்று வெயில் அடித்தது. அவ்வளவு வெளிச்சத்தில் பயம் வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். ஹாலில் நாற்பது பேர் இருப்பார்கள். பாதிப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள். முதல் வரிசையில் முதல் நாற்காலி மட்டும் காலியாக இருந்தது. அதன் கைப்பிடியில் யாரோ ஒரு முழம் மல்லிகையைச் சுற்றி வைத்திருந்தார்கள். நான் உட்காரப் போனேன். பக்கத்தில் நின்ற அம்மா வெடுக்கென்று என் கையைப் பிடித்து இழுத்தார்.

"அங்க உட்காராதம்மா. அந்தப் பொண்ணு வரும்."

"எந்தப் பொண்ணு?"

"முதல் டோக்கன்." பஸ் நம்பர் சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னார்.

இரண்டாவது நாற்காலியில் லோகா அக்கா உட்கார்ந்திருந்தார். அரக்குப் புடவை, நெற்றியில் பெரிய பொட்டு. எங்களைக் கவனிக்கவில்லை. சார் தூணுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டார்.

சரியாக எட்டு மணிக்கு ஸ்பீக்கரில் மணியடித்தது.

"டோக்கன் எண் ஒன்று. ஆதிரை. வயது பதினொன்று. அறை எண் மூன்று."

ஹாலில் பேச்சு நின்றது. நர்ஸ் மூன்றாம் அறைக் கதவைத் திறந்து, ஆளுக்கு வழி விடுவதுபோல் ஒதுங்கி நின்றாள். அத்தனை பேர் கண்ணும் அந்த நாற்காலியிலிருந்து கதவு வரைக்கும் மெதுவாக, ஒரு பிள்ளை நடக்கிற வேகத்தில் நகர்ந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், நானும் அப்படித்தான் பார்த்தேன். அங்கே ஒன்றுமில்லை என்று தெரிந்தே பார்த்தேன்.

லோகா அக்கா எழுந்து போய்க் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கொஞ்சம் பொறுங்க எல்லாரும். வர்றா, வர்றா. செருப்பைக் கழட்டிட்டு இருக்கா."

யாரும் சிரிக்கவில்லை. நான் நர்ஸிடம் நகர்ந்து, "எவ்வளவு நேரம் இப்படி?" என்று கேட்டேன்.

"முதல்ல அரை நிமிஷம்தான் நிப்போம். இப்ப பத்து நிமிஷம் ஆகுது. டாக்டரே ஒண்ணும் சொல்றதில்ல. நான் எப்படிச் சொல்றது?"

இரண்டாம் டோக்கன் ஒரு லாரி கிளீனர் கையில் இருந்தது. தோளில் கைக்குழந்தை. அதற்கு இழுத்து இழுத்து மூச்சு வாங்கியது. ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவில் குழி விழுந்தது.

"அம்மா, பிள்ளைக்கு முடியல. நான் உள்ள போயிடட்டுமா?" என்றார் அவர்.

"இருப்பா, அவசரப்படாத. அது போய்ட்டு வந்துடட்டும்," என்று பின்னாலிருந்து ஒரு பெரியவர் அதட்டினார். நாலு பேர் ஆமாம் போட்டார்கள்.

என்ன ஜனங்கள் இவர்கள்! இல்லாத பிள்ளைக்கு வழி விட்டுக்கொண்டு, இருக்கிற பிள்ளையை வாசலில் நிறுத்தி வைத்திருக்கிறார்களே. ஆனால் நானும் வாயைத் திறக்கவில்லை. நடேசன் சார் தூணைவிட்டு வரவேயில்லை.

பானு மேடம் போய் அந்தக் குழந்தையைக் கிளீனர் கையிலிருந்து வாங்கினார். நேரே லோகா அக்காவிடம் நீட்டினார்.

"அக்கா, இவளைக் கொஞ்சம் பிடிங்க."

பிள்ளையை நீட்டினால் எந்தக் கைதான் வாங்காது? அக்காவின் கைகள் நிலையை விட்டுவிட்டுக் குழந்தையை வாங்கின.

"ஐயோ, உடம்பு இப்படிக் கொதிக்குதே! இதை வெச்சுக்கிட்டா நின்னுட்டிருக்கீங்க? டாக்டர்!" என்று கத்திக்கொண்டே உள்ளே ஓடினார். கிளீனர் பின்னாலேயே ஓடினார். கதவு மூடிக்கொண்டது.

மேடம் எங்களைக் கம்ப்யூட்டர் ரூமுக்குக் கூட்டிப் போனார். ஸ்டெல்லா அங்கே இருந்தாள். எங்களைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"இதுல ஏதோ இருக்கு மேடம். லோகா அக்காவைப் பார்த்துட்டு, மூணு தடவை அந்தப் பேரை எடுத்தேன். எடுத்தா மிஷின் ஓடறதில்ல. திரும்பப் போட்டா உடனே ஓடுது. அவ போகமாட்டேங்கிறா மேடம்."

புரோகிராமில் அந்த வரிக்கு மேலே, 'இந்தப் பேரைத் தொடக்கூடாது' என்று அவளே எழுதி வைத்திருந்தாள்.

"இப்ப எடு," என்றார் மேடம்.

ஸ்டெல்லா பேரை அழித்துவிட்டு ஓடவிட்டாள். திரையில் சிவப்பாக ஒரு வரி விழுந்தது. ஹால் ஸ்பீக்கர் டக்கென்று ஒரு சத்தத்தோடு அடங்கியது. ஸ்டெல்லா சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள்.

"சார், ஏன் நிக்குது?" என்று கேட்டார் மேடம்.

நடேசன் சார் திரையைப் பார்த்தார்.

"மிஷினைப் போட்டதும், யார் பேரும் ஏறுறதுக்கு முன்னாடி பட்டியல் காலி மேடம். காலிப் பட்டியல்ல முதல் ஆள் யாருன்னு கேட்டா அதுக்குப் பதில் இல்ல. அதான் நின்னுடுது."

"அப்ப என்ன செய்யணும்?"

"கூப்பிடறதுக்கு முன்னாடி, காலியான்னு பார்க்கணும்."

"நீங்க எத்தனை பேட்ச் எடுத்திருக்கீங்க?"

"ஒன்பது."

"எத்தனை பேட்ச்சுக்கு இதை நடத்துனீங்க?"

சார் தலையைக் குனிந்துகொண்டார். ஸ்டெல்லாதான் சொன்னாள். "பட்டியலை எப்பவும் காலியா விடாதீங்க, முதல்லயே ஒரு பேரைப் போட்டு வெச்சுடுங்கன்னு சார் சொன்னாங்க மேடம். நாங்க எல்லாரும் அப்படித்தான் எழுதறோம்."

"நான் உங்களுக்கு நடத்தினேனே சார்."

"நடத்தினீங்க. எனக்கு நல்லாத் தெரியும்," என்றார் சார். "போர்டுல எழுதக் கை போகல மேடம்."

"நீங்களே சரி பண்ணிக் கொடுத்துடுங்க மேடம்," என்று ஸ்டெல்லா கெஞ்சினாள். மேடம் நினைத்தால் இரண்டு வரியில் முடிந்திருக்கும். கீபோர்டைத் தொடவேயில்லை.

"இன்னைக்கு ஒரு நாள் பேப்பர்ல எழுதி வாயால கூப்பிடச் சொல்லு. பதினோரு மணிக்கு நீ சென்டருக்கு வா. சார் பாடம் எடுப்பார்."

வெளியே வந்தபோது லோகா அக்கா எதிரே வந்தார். முந்தானையெல்லாம் குழந்தையின் எச்சில்.

"மருந்துப் புகை வெச்சிருக்காங்க. இப்ப மூச்சு சீரா வருது," என்று மேடத்திடம் சொன்னார். அப்புறம்தான் கணவரைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "என்னங்க, நீங்களும் வந்துட்டீங்களா? கேட்டீங்கல்ல? அவ பேரைக் கூப்பிட்டாங்கல்ல? நான் சொன்னப்ப நம்பினீங்களா?"

சார் கைக்குட்டையை எடுத்து அவர் முந்தானையைத் துடைத்துவிட்டார்.

"அக்கா, சார் பாடம் நடத்தி நீங்க பார்த்ததே இல்லல்ல? எங்களோட வாங்களேன்," என்றார் மேடம்.

அக்கா மூன்றாம் அறைக் கதவை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். "வர்றேன். இன்னிக்குக் கூட்டத்தைப் பார்த்துப் பயந்துட்டா போல. இனிமே நாளைக்குத்தான் வருவா."

ஆட்டோ பிடித்து சென்டருக்குத் திரும்பினோம்.

பதினோரு மணி பேட்ச்சில் பதினெட்டுப் பேர். கடைசி வரிசையில் ஸ்டெல்லாவும், பக்கத்தில் லோகா அக்காவும் உட்கார்ந்தார்கள். மேடம் வாசலிலேயே நின்றுகொண்டார். நானும் என் வேலையை விட்டுவிட்டு அவர் பின்னால் நின்றேன்.

நடேசன் சார் மார்க்கரை எடுத்தார். போர்டில் 'பட்டியல்' என்று எழுதினார். ஒரு அடைப்புக்குறியைத் திறந்தார். ஒன்றும் எழுதாமல் மூடினார்.

முன் வரிசைப் பையன் கை தூக்கினான். "சார், உள்ள பேரு?"

சாரின் கை தானாக மேலே போனது. மார்க்கர் போர்டில் பட்டது. அப்படியே நின்றது.

"பேரு போடல," என்றார்.

"அப்ப முதல் ஆளைக் கூப்பிட்டா யாரு சார் வருவா?"

லோகா அக்கா இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு போர்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்திலிருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குழம்பியது.

சார் வாசல் பக்கம் திரும்பினார். நாற்பத்தெட்டு வயசு மனுஷன், அடி வாங்கப்போகிற பிள்ளை மாதிரி நின்றார்.

"மேடம், காலியா இருந்தா என்னன்னு சொல்லணும்?"

"யாரும் இல்லைன்னு சொல்லணும் சார்," என்றார் பானு மேடம். "மிஷினுக்கு ஸ்டெல்லா சொல்லிக்குவா. கடைசி வரிசைக்கு நீங்கதான் சொல்லணும்."