அரிவாள்மூக்கனின் காப்பி வைத்தியம்

மூங்கில்மடு என்ற குளத்தருகே ஒரு கரடி வாழ்ந்தது. அடர்ந்த மயிருக்காக எல்லோரும் அதைக் கம்பளி என்று அழைத்தார்கள். அதன் உயிர்த்தோழன் ஈட்டி என்ற முள்ளம்பன்றி.

இரண்டுக்கும் வயதாகிவிட்டது. சாயங்காலம் ஆனால் குளக்கரையில் உட்கார்ந்து பழங்கதை பேசும்.

"அக்கா, அந்த வருசம் பலா கொத்துக்கொத்தா காய்ச்சதே, ஞாபகம் இருக்கா?" என்று ஈட்டி கேட்கும்.

"மறக்குமாடா? நான் மேலே ஏறி உலுக்குவேன். நீ கீழே நின்னு, 'என் தலைமேல போட்டுடாதே!'ன்னு கத்துவே!"

"அப்படியும் ஒண்ணு போட்டியே!"

"அது கைதவறி விழுந்ததுடா!"

இரண்டும் விழுந்து விழுந்து சிரிக்கும். பிறகு கம்பளி எதிரே நின்ற வேங்கை மரத்தை அண்ணாந்து பார்க்கும். ஒரு காலத்தில் மூச்சு வாங்காமல் அதன் உச்சிக்குப் போன கரடி அது. இப்போது பாதி மரத்திலேயே முழங்கால் விட்டுப்போகிறது. வயிறும் முன்போல் இல்லை. நாலு அத்திப்பழம் தின்றாலே கனக்கிறது.

"அந்த உடம்பு எங்கேடா போச்சு?" என்று ஒரு நாள் கம்பளி பெருமூச்சு விட்டது.

"எங்கேயும் போகலை அம்மா! உங்களுக்குள்ளேதான் இருக்கு!"

இரண்டும் திரும்பிப் பார்த்தன. சேற்றில் ஓர் அரிவாள்மூக்கன் நின்றிருந்தது. வளைந்த நீண்ட அலகுள்ள பறவை. மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து புதிதாக வந்திருந்தது. தன்னை வைத்தியர் என்று சொல்லிக்கொண்டது.

"அந்தப் பலாக் காலத்திலே தின்னீங்களே, அந்தச் சுளையெல்லாம் இன்னும் குடலிலே ஒட்டிக்கிட்டு இருக்கு! உங்க பழைய உடம்பு அந்த அழுக்குக்கு அடியிலே கிடக்கு. கழுவி எடுத்தா எழுந்து வந்துடும்!"

"எதை வச்சுக் கழுவுறது?" என்று கம்பளி ஆவலாகக் கேட்டது.

அரிவாள்மூக்கன் அதைக் காப்பித் தோட்டத்துக்குக் கூட்டிப்போனது. அங்கே சமையற்கட்டுக்குப் பின்னால் ஒரு குழி. காப்பி வடித்த சக்கையை அதில்தான் கொட்டுவார்கள். மழைத் தண்ணீர் அந்தச் சக்கையில் ஊறிக் கறுப்பாகத் தேங்கியிருந்தது.

"இதைக் குடிக்கணுமா?"

"குடிக்கக் கூடாது! இது பின்வாசல் வழியா உள்ளே போகணும். அதுக்குத்தானே கடவுள் எனக்கு இப்படி ஒரு மூக்கைக் கொடுத்திருக்கார்!"

கம்பளிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் பழைய உடம்பு என்ற சொல் விடவில்லை.

"கூலி?"

"நீங்க தோண்டுற கறையான் புற்றிலே பாதி. அது போதும்."

புதர் மறைவில் வைத்தியம் நடந்தது. சற்று நேரத்தில் கறுப்புத் தண்ணீர் வெளியே வந்தது.

"பாருங்க! எத்தனை வருச அழுக்கு!" என்று அரிவாள்மூக்கன் சிறகடித்தது.

கம்பளியின் நெஞ்சு படபடவென்று அடித்தது. கைகால் துறுதுறுத்தது. அதே வேகத்தில் வேங்கை மரத்தில் தாவிப் பாதிக்கு மேலேயும் ஏறிவிட்டது!

"ஈட்டி! இங்கே பாருடா! வந்துட்டேன்! பழைய கம்பளி வந்துட்டேன்!"

ஈட்டி அண்ணாந்து பார்த்து வாய் பிளந்து நின்றது.

மறுநாள் கம்பளிக்குத் தலைவலி மண்டையைப் பிளந்தது. "அழுக்கு இன்னும் மிச்சம் இருக்கு" என்றது அரிவாள்மூக்கன். மறுபடி வைத்தியம் நடந்தது, தலைவலி நின்றது. நின்ற தலைவலி அடுத்த நாளும் வந்தது. இப்படியே போனது. கம்பளிக்குத் தூக்கம் கெட்டது, வயிறு ஓயாமல் முறுக்கியது. தொளதொளத்த மயிருக்குள்ளே எலும்பு தெரிந்தது. அரிவாள்மூக்கனுக்கோ நன்றாகச் சதை போட்டது.

"அக்கா, நீ இளைச்சுப்போறே. எனக்குப் பயமா இருக்கு" என்றது ஈட்டி.

"அழுக்கு இறங்கும்போது அப்படித்தான் இருக்குமாம். நீயும் வாயேன்டா. எல்லாத்தையும் ஒண்ணாத்தானே செஞ்சோம் நாம?"

ஈட்டிக்கு அந்த வைத்தியத்தில் துளியும் நம்பிக்கை இல்லை. ஆனால் அக்காவைத் தனியே விட மனமும் இல்லை. போனது.

சின்ன உடம்பு தாங்கவில்லை. வயிற்றோட்டம் நிற்காமல் போனது. காய்ச்சல் கொதித்தது. ஈட்டி குளக்கரையில் சுருண்டு விழுந்தது. முட்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன.

கம்பளி பதறிக்கொண்டு காப்பிக் குழிக்கு ஓடியது. "வைத்தியரே! என் தம்பி கண்ணைத் திறக்க மாட்டேங்கிறான்!"

"நல்ல அறிகுறி! ஆழத்து அழுக்கு இப்பத்தான் அசையுது. இன்னும் கெட்டியா ஒரு தடவை கொடுத்துடலாம்!"

அரிவாள்மூக்கன் அலகு நிறையத் தண்ணீரை எடுத்தது. அலகின் நுனியிலிருந்து அது சொட்டுச் சொட்டாக வடிந்தது. கம்பளி முதல்முறையாக அந்தச் சொட்டுகளை நிதானமாகப் பார்த்தது. கன்னங்கரேல் என்று இருந்தன.

"வைத்தியரே, உள்ளே போறதே கறுப்புத் தண்ணிதானே? வெளியே வர்றது பின்னே எப்படி இருக்கும்? நீங்க காட்டினது என் அழுக்கா, இந்தத் தண்ணியா?"

பறவை வாயிலிருந்ததைத் துப்பியது. "அம்மா, இதெல்லாம் உங்களுக்குப் புரியாது..."

"இந்த வைத்தியத்தை உங்களுக்கு எப்போ செஞ்சுக்கிட்டீங்க?"

"எனக்கு எதுக்கு? நான் நல்லாத்தானே இருக்கேன்!"

கம்பளி ஓர் உறுமல் உறுமியது. தோட்டமே அதிர்ந்தது. அரிவாள்மூக்கன் அலறிக்கொண்டு பறந்து மலைக்கு அப்பால் மறைந்தது. அதைத் துரத்தக் கம்பளிக்கு நேரமில்லை. குளக்கரைக்கு ஓடி ஈட்டியைத் தூக்கி முதுகில் போட்டுக்கொண்டது. உதிராத முட்கள் குத்தி ரத்தம் வழிந்தது. அப்படியே மலையடி ஊற்றுவரை நடந்தது. தெளிந்த நீரைக் கையில் அள்ளித் துளித்துளியாக அதன் வாயில் விட்டது.

"டேய், என்னைத் திட்டவாவது எழுந்திருடா" என்று அழுதது.

ஈட்டி பிழைத்தது. ஆனால் மழைக்காலம் முழுக்க எழுந்து நடக்க முடியவில்லை. கம்பளி காட்டுக் கிழங்கை மென்று குழைத்து ஊட்டியது. கறுப்புத் தண்ணீரை விட்டதும், அந்தக் காப்பிப் பழக்கத்தால் வந்த கம்பளியின் தலைவலியும் சில நாளில் தானாக ஓடிப்போனது. வயிறு மெல்ல மெல்லத் தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டது.

வெயில் அடித்த ஒரு காலையில் ஈட்டி கேட்டது.

"அக்கா, மரத்து உச்சிக்குப் போகணும்னு ஏன் அப்படித் தவிச்சே? தேனுக்கா?"

கம்பளி வேங்கை மரத்தை அண்ணாந்து பார்த்தது.

"தேனுக்கு இல்லைடா. மேலேருந்து பார்த்தா, நீ வாய் பிளந்து என்னையே பார்த்துக்கிட்டு நிப்பே. அந்த மூஞ்சியைப் பார்க்கத்தான்."

"அட! அதுக்கு மரம் எதுக்கு? இந்தா, இங்கேயே பாரு!" என்று ஈட்டி வாயைப் பிளந்து காட்டியது.

கம்பளி சிரித்தது. இளைத்த வயிறு குலுங்கக் குலுங்கச் சிரித்தது.

போன இளமையை மீட்டுத் தருகிறேன் என்று வருபவனிடம் இருக்கிற உடம்பைப் பறிகொடுக்கக் கூடாது.