எல்லாப் பொம்மையும் தொண்ணூற்றொன்பது

முன்னொரு காலத்தில் மணற்குடி என்ற நாட்டைக் கொற்றவேலன் ஆண்டுவந்தான். அவனுக்குச் சடுகுடு என்றால் உயிர். ராஜா மண்ணில் புரளக் கூடாதே, அதனால் நாட்டு வீரர்களைப் போலச் செய்த மரப்பொம்மைகளை வைத்து ராணியோடு ஆடுவான். ஒவ்வொரு பொம்மையின் முதுகிலும் நூற்றுக்கு இத்தனை என்று பலம் எழுதியிருக்கும். ஆளுக்கு ஏழு பொம்மையைப் பொறுக்கி, அவற்றின் பலத்தோடு தாயக்கட்டையில் விழுந்ததைக் கூட்டினால், யாருக்கு அதிகமோ அவருக்கு வெற்றி.

இந்த ஆட்டத்தைச் செய்து கொடுத்தவள் ஆட்டுச்சந்தைத் தரகி சடையாயி. இருநூறு பொம்மையில் மூன்றுக்குத்தான் தொண்ணூறுக்கு மேல். முக்கால்வாசி நாற்பது, ஐம்பது. சில பொம்மைகள் நின்றாலே பெரிய விஷயம்.

ராஜா நாலு நாள் தொடர்ந்து தோற்றான். சடையாயிக்கு அரண்மனையில் கிடைத்த மரியாதையைப் பார்த்துப் புழுங்கிக்கொண்டிருந்த அதிகாரி அருமைநாயகம் வாயைத் திறந்தார். "மகாராஜா, நம் நாட்டு வீரனுக்கு நாற்பதாம். இது ராஜத்துரோகம்."

தோற்ற எரிச்சலில் இருந்த ராஜா சடையாயியைக் கூப்பிட்டு, "பொழுது சாய்வதற்குள் நாட்டைவிட்டுப் போ" என்றான். அருமைநாயகம் அத்தனை முதுகிலும் தொண்ணூற்றொன்பது என்று மாற்றி எழுதினார்.

"போறேன். பல்லைப் பார்த்து வயசு கணிக்காம ஆடு பிடிக்கிறவங்ககிட்ட எனக்கென்ன பேச்சு? ஒரு ஆட்டம் மட்டும் பார்த்துட்டுப் போறேன்" என்றாள் சடையாயி.

ராஜா ஒரு நாழிகை பொறுக்கினான். ராணி கண்ணை மூடி ஏழு பொம்மையை அள்ளினாள். ராணிக்கு வெற்றி. அடுத்தது ராஜாவுக்கு.

"ஜெயித்தும் இனிக்கவில்லையே" என்றான் ராஜா.

"எப்படி இனிக்கும்? எல்லாம் ஒரே எண்ணுன்னா தாயக்கட்டைதான் ஆடுது, நீங்க வேடிக்கை பார்க்கிறீங்க. நூறு குட்டியில ஒண்ணுதான் சண்டைக்கிடா. அதைத் தேடித்தானே சந்தைக்கே வர்றோம்."

அருமைநாயகம் சீறினார். "ஆடும் வீரனும் ஒன்றா? இந்த மண்ணில் பிறந்த எல்லாருமே தொண்ணூற்றொன்பதுதான்."

"ஐயாவுமா?"

"சந்தேகமென்ன?"

"அப்ப நாளைக்குப் பக்கத்து நாட்டோட நடக்கிற நிஜச் சடுகுடுவில ஐயாவே முதல்ல பாடிக்கிட்டு எதிரணிக்குள்ள போகட்டும்."

"ஆகட்டும்" என்றான் ராஜா. அதிகாரிக்கு வியர்த்தது. சபை நடுவே தன் மதிப்பைக் குறைத்துச் சொல்லவும் வாய் வரவில்லை.

சடையாயி தோள்துண்டை விரித்தாள். "சந்தையில ஊருக்குக் கேட்கக் கூடாத விலையைத் துண்டுக்கடியில விரலைப் பிடிச்சுச் சொல்லுவோம். ஒரு விரலுக்குப் பத்து. உங்க நிஜ மதிப்பை ராஜாவுக்கு மட்டும் சொல்லுங்க."

ராஜாவின் கையும் அதிகாரியின் கையும் துண்டுக்குள் போயின. ராஜாவின் தோள் குலுங்கியது. பிறகு சிம்மாசனமே குலுங்கியது. "முழு விரல்கூட இல்லையடி, சுண்டுவிரல் நுனியைப் பிடிக்கிறார்" என்று கத்தியேவிட்டான். ராணி சிரித்துச் சிரித்துப் பொம்மைமேலேயே சரிந்தாள்.

"சடையாயி, நீ எங்கேயும் போக வேண்டாம். இனி நாட்டுச் சடுகுடு அணிக்கு ஆள் பொறுக்குவதும் நீதான். அருமைநாயகம், இருநூறு முதுகையும் நீரே சுரண்டிப் பழைய எண்ணை எழுதும்" என்ற ராஜா, ஆசையாகக் கேட்டான். "எனக்கும் ஒரு பொம்மை செய். எத்தனை போடுவாய்?"

"முப்பத்திரண்டு."

"அது என்ன இரண்டு?"

"தொந்திக்கு. எதிராளி கைக்கு அடங்காதில்ல."

பொம்மை வந்தது. பட்டுத்துணியில் சுற்றி, பூப்போட்டு, பக்கத்திலேயே வைத்துக்கொண்டான் ராஜா. ஆனால் அணியில் மட்டும் ஒருநாளும் சேர்க்கவில்லை. ராணியை ஜெயிக்க வேண்டாமா?